மழைக்காட்டு மலை ஓட்டம்: ஏற்றத்தை மட்டும் பார்த்துப் பெயர் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைப்பாதை ஓட்டப் பந்தயம் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் அதில் இரண்டு எண்கள் இருக்கும்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மீட்டர் ஏற்றம். சாலை மாரத்தான் ஓடிப் பழகியவர்கள் இந்த இரண்டையும் பார்த்துவிட்டு மழைக்காட்டுப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் படிக்கட்டு ஏறிப் பயிற்சியும் செய்கிறார்கள். ஆனால் வெப்பமண்டல மழைக்காட்டில் ஆளைப் பாதி வழியில் உட்கார வைப்பது பெரும்பாலும் ஈரம்தான். ஆவியாகாத வியர்வை, ஷூவுக்குள் தேங்கும் நீர், சட்டென்று ஏறும் ஓடை, நனைந்த உடம்பில் அடிக்கும் மலைக்காற்று என்று அங்கே நேரும் பெரிய கோளாறுகள் பலவற்றுக்கும் மூலம் தண்ணீர். இந்தப் பந்தயங்களுக்குப் பயிற்சி தருகிறவர்கள், தடத்தில் தன்னார்வலர்களாக நிற்பவர்கள் என்ற முறையில், ஓடுகிறவர்களுக்கும் நடத்துகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் அந்த எண்களையே எடுத்துக்கொள்வோம். பன்னாட்டு மலைப்பாதை ஓட்டச் சங்கமான ஐடிஆர்ஏ ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்தையும் 1 கிலோமீட்டராக எண்ணித் தூரத்தோடு கூட்ட வேண்டும். 30 கிலோமீட்டர் தூரம், 1,800 மீட்டர் ஏற்றம் என்றால் 48. சமதள மண்பாதையில் 48 கிலோமீட்டர் ஓட உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அதைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தக் கணக்கில் சேறும் கிடையாது, வேரும் கிடையாது, இடுப்பு வரை பிடித்துக்கொள்ளும் பிரம்புக்கொடியும் கிடையாது. அவற்றுக்காகக் கால்வாசி நேரமாவது கூட்டுங்கள். முந்தின இரவு அடைமழை பெய்திருந்தால் அதுவும் போதாது. ஹவாயில் ஹோனலூலுவை ஒட்டிய ஈரமான மலைக்காட்டில் நடக்கும் ஹர்ட் 100 பந்தயத்தின் தூரம் 100 மைல். அதற்கு 36 மணி நேரம் கொடுத்தும் கணிசமானோர் முடிக்க முடியாமல் நின்றுவிடுகிறார்கள்.

அடுத்தது வியர்வை. மிகப் பெரிய தவறு நடப்பது இங்கேதான். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலிலிருந்து ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் உடம்பை விட்டுப் போகும். ஆவியானால்தான் போகும், சொட்டுச் சொட்டாக மண்ணில் விழும் வியர்வையால் குளிர்ச்சி கிடைப்பதில்லை. மரக்கூரையின் கீழே காற்று அசையாது, ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். அங்கே உடம்பு குளிர்ந்ததோ இல்லையோ, நீரும் உப்பும் மட்டும் தவறாமல் வெளியேறிக்கொண்டிருக்கும். வெயில் படவில்லை, நிழல்தானே என்று வேகத்தைக் கூட்டுகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

பந்தயத்துக்குச் சில வாரம் முன்பே உங்கள் வியர்வை அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். புழுக்கமான ஒரு நாளில், ஓடுவதற்கு முன் ஆடையின்றி எடை பாருங்கள். பந்தய வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடி, உடம்பைத் துடைத்துவிட்டு மறுபடி ஆடையின்றி எடை பாருங்கள். குறைந்த எடையோடு இடையில் குடித்த நீரைக் கூட்டினால் ஒரு மணி நேர வியர்வை கிடைக்கும். நனைந்த துணியோடு எடை பார்த்தால் கணக்கு தப்பும். பலருக்கு இது 1 லிட்டரைத் தாண்டும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் வயிறு சிரமமில்லாமல் ஏற்பது பெரும்பாலானவர்களுக்கு மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரைதான். இந்த இடைவெளியைக் குடித்துக் குடித்து நிரப்ப முடியாது. வேகத்தைக் குறைத்தால்தான் வியர்வையும் குறையும். மேட்டில் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்குகிறது என்றால் நடக்க வேண்டும். தேர்ந்த ஓட்டக்காரர்களும் செங்குத்தான ஏற்றங்களில் நடக்கத்தான் செய்கிறார்கள்.

வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போதே எடை கூடியவர்களிடம், அதாவது இழந்ததைவிட அதிகம் குடித்தவர்களிடம், இது அதிகம் காணப்பட்டது. ஹைபோநட்ரீமியா என்னும் இந்த நிலையில் தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், பிறகு குழப்பம் என்று அறிகுறிகள் வரும். பார்ப்பவர்கள் நீரிழப்பு என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்தால் நிலைமை மோசமாகும். தாகத்துக்குக் குடியுங்கள். வியர்வையில் லிட்டருக்குச் சராசரியாக 1 கிராம் அளவில் சோடியம் போகிறது, ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு குடுவையிலும் வெறும் தண்ணீரை இன்னொன்றிலும் வைத்து மாற்றி மாற்றிக் குடிப்பது நல்ல பழக்கம். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவு நீரில்தான் கரைக்க வேண்டும். ஒரு லிட்டர் பொட்டலத்தை அரை லிட்டரில் கலக்கினால் வயிற்றைப் புரட்டும். உப்பு சேர்த்தால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்பதும் தவறான எண்ணம்.

புழுக்கத்துக்கு உடம்பைப் பழக்க 10 முதல் 14 நாள் ஆகும். முதல் வாரத்துக்குள்ளேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும். தினம் ஒரு மணி நேரமாவது வெப்பத்தில் மெதுவாக ஓட வேண்டும். குளிரூட்டிய அறையில் டிரெட்மில்லில் சேர்த்த கிலோமீட்டர்கள் இந்த வேலையைச் செய்யாது.

இவ்வளவும் தவறிப்போய் ஒருவர் தள்ளாடினால், பேச்சுக் குழறினால், பெயர் கேட்டால் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், அது ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொண்டு செயல்படுங்கள். வியர்த்துக்கொண்டுதானே இருக்கிறார் என்று தள்ளிப்போட வேண்டாம். ஓட்டத்தால் வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் உடம்பு பெரும்பாலும் நனைந்தே இருக்கும். உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் உறுப்புகளைக் கெடுக்கிறது. முதலில் குளிர்விப்பது, பிறகுதான் தூக்கிச் செல்வது. பக்கத்தில் ஆழமற்ற, இழுப்பில்லாத ஓடை இருந்தால் இரண்டு பேர் அக்குளில் பிடித்துத் தலையை நீருக்கு மேலே வைத்து, கழுத்து வரை நீரில் அமர்த்துங்கள். ஓடை நீர் பனிக்கட்டி போல் இல்லாவிட்டாலும் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தை இழுக்கும். ஓடை இல்லையென்றால் உடம்பு முழுவதும் நீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது. நினைவு தடுமாறியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இன்னொன்று: முட்டி வலிக்கிறது என்று பந்தயத்தின் நடுவே இபுபுரூஃபன் போடுகிறவர்கள் பலர். நீரிழந்த உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். தயவுசெய்து பையிலேயே வைக்காதீர்கள்.

இனி கால். நீர் புகாத ஷூ வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றும். முழங்கால் அளவு ஓடையில் இறங்கியதும் நீர் மேல்வழியாக உள்ளே போய்விடும், அதே உறை அதை வெளியே விடாது. வலைத்துணி மேற்பகுதி கொண்ட, பத்துத் தப்படியில் நீரைப் பிழிந்து தள்ளும் ஷூதான் வேண்டும். சேற்றுக்கு ஷூவின் அடியில் 5 அல்லது 6 மில்லிமீட்டர் ஆழமுள்ள, இடைவெளி விட்டு அமைந்த பற்கள் பிடிக்கும். நெருக்கமான பற்களில் சேறு அப்பிக்கொண்டு அடிப்பாகமே வழவழப்பாகிவிடும். ஆனால் ஆழமான பற்கள் ஈரப்பாறையில் குறைவான பரப்பில்தான் ஊன்றும். பாதை பெரும்பாலும் பாறை என்றால் மிருதுவான ரப்பரும் ஆழம் குறைந்த பற்களும் மேல். எல்லாத் தடத்துக்கும் சரியான ஒரே ஷூ கிடையாது. தடத்தைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். இரண்டு மூன்று நீண்ட ஓட்டங்களிலாவது நனைத்துப் பாருங்கள்.

நாள் முழுவதும் ஊறிய பாதத்தைப் பார்த்திருக்கிறீர்களா? தோல் வெளுத்து, அடிப்பாதத்தில் மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருக்கும். அந்த மடிப்பின் மேல் உடல் எடை விழ விழ, தோல் கோடுபோல் பிளக்கும். கொப்புளத்தைவிட இது அதிகம் வலிக்கும், இறக்கத்தில் ஒவ்வோர் அடியும் கண்ணாடித் துண்டை மிதிப்பது போலிருக்கும். வந்தபின் பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை, முன்னால் தடுக்கத்தான் வேண்டும். ஓடுவதற்கு முன் பாதம், விரலிடுக்கு, குதிகால் முழுவதும் பெட்ரோலியம் ஜெல்லியோ துத்தநாகக் களிம்போ தாராளமாகத் தடவுங்கள். உரசும் இடம் தெரிந்தால் அங்கே மட்டும் களிம்பை விட்டுவிட்டு, முந்தின இரவே காய்ந்த தோலில் டேப் ஒட்டி, அதன் மூலைகளை வட்டமாக வெட்டிவிடுங்கள். காலையில் வியர்த்த காலில் ஒட்டும் டேப் முதல் ஓடையிலேயே சுருண்டுவிடும். நகத்தை இரண்டு மூன்று நாள் முன்பே வெட்டுங்கள். பருத்தி சாக்ஸ் வேண்டவே வேண்டாம். மாற்று சாக்ஸை இரட்டைப் பையில் காற்றுப் போகாமல் கட்டி எடுத்துச் செல்லுங்கள். அதை மாற்றும் இடம் கடைசி ஓடையைத் தாண்டிய உதவி நிலையம். அங்கே ஐந்து நிமிடம் காலைத் துடைத்து உலர்த்திக் களிம்பிட்டு மாட்டினால் மீதித் தூரத்துக்கு அது போதும்.

வேரை மிதிப்பது தனிக் கலை. பலர் மிதித்து மிதித்துப் பட்டை போன வேரின் முதுகு மெருகேறிப்போய் மின்னும். அதன் மேல் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு பச்சைப் படலம் இருக்கும். பாதைக்குக் குறுக்காக, நேராகக் கிடக்கும் வேரில் கால் பட்டால்கூட முன்னே பின்னேதான் சறுக்கும், சமாளித்துவிடலாம். சாய்வாகக் கிடக்கும் வேர்தான் பொல்லாதது. பாதத்தைப் பக்கவாட்டில் தள்ளிக் கணுக்காலைத் திருப்பிவிடும். முடிந்தவரை வேர்களுக்கு இடையிலுள்ள மண்ணில் மிதியுங்கள். வேறு வழியில்லை என்றால் குட்டைத் தப்படி வைத்து, பாதத்தைத் தட்டையாக, எடை நேர்கீழே விழும்படி ஊன்றி உடனே எடுங்கள். இறக்கத்தில் பயந்து பின்னால் சாய்ந்தால் குதிகால் வழுக்கி உட்கார்ந்துவிடுவீர்கள். இடுப்பு கால்களுக்கு நேர்மேலே இருக்க வேண்டும். விழும்போது மரத்தைப் பிடிக்கும் கை, முள் மரத்தையும் பிடிக்கும். விரல்நுனி தெரியும் மெல்லிய கையுறை அதற்குத்தான். பிரம்புக்கொடி சட்டையில் மாட்டினால் முன்னால் இழுக்காதீர்கள். அதன் கொக்கிகள் பின்னோக்கி வளைந்தவை, இழுக்க இழுக்க ஆழமாக இறங்கும். ஓரடி பின்வாங்கினால் பெரும்பாலும் தானே கழன்றுவிடும்.

ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சியைப் பற்றித்தான் புதியவர்கள் அதிகம் கேட்கிறார்கள், அது உண்மையில் சின்ன விஷயம். நெருக்கமாக நெய்த அட்டை சாக்ஸோ, டீட் என்னும் ரசாயனம் கலந்த பூச்சி விரட்டியோ பெருமளவு காக்கும். நனைந்தால் விரட்டி கழுவிப்போகும், மறுபடி பூச வேண்டும். கடித்திருந்தால் உப்பு, நெருப்பு வேண்டாம். அப்படிச் செய்தால் அது வயிற்றிலுள்ளதைக் காயத்திலேயே கக்கலாம். மெலிந்த முனையின் ஓரத்தில் நகத்தை நுழைத்துத் தள்ளி, பிறகு தடித்த முனையையும் விடுவியுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹிருடின் அதன் எச்சிலில் இருப்பதால் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். சுத்தமான துணியால் விடாமல் அழுத்தினால் அடங்கும். பாம்புக்கும் ஒரே விதி போதும்: விழுந்து கிடக்கும் கட்டையின் மறுபக்கம் கண்ணுக்குத் தெரியாமல் காலோ கையோ வைக்காதீர்கள்.

ஓடைக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைப் பலர் கொடுப்பதில்லை. நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளி மழை இல்லாமலேயே மேலே பெய்த மழை இறங்கி வரும். தெளிந்த நீர் கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, அடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்பது ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும் இறங்காதீர்கள். ஓடும் நீர் முழங்காலைத் தாண்டினால் தனியாகக் கடக்க வேண்டாம். கடக்கும் முன் பையின் மார்புப் பட்டையையும் இடுப்புப் பட்டையையும் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பை உங்களை அடியில் பிடித்து வைக்கக் கூடாது. நீர் வரும் திசையைப் பார்த்து, பக்கவாட்டில், ஒரு காலை ஊன்றிய பிறகே அடுத்த காலை எடுங்கள். மலை ஓடை ஏறும் வேகத்திலேயே இறங்கவும் செய்யும். கரையில் காத்திருந்து போன நேரத்தைக் கட்-ஆஃபில், அதாவது முடிப்பதற்கான கெடுவில், சேர்த்துக் கொடுப்போம் என்று நடத்துகிறவர்கள் முன்கூட்டியே அறிவித்தால், யாரும் அவசரப்பட்டு இறங்க மாட்டார்கள். இந்த ஒரு வரி அறிவிப்பைப் பந்தய விதிகளில் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் அழுத்தமான வேண்டுகோள்.

வெப்பமண்டலத்தில் குளிரால் ஆபத்தா என்று கேட்பார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். அடிவாரத்தில் 30 டிகிரி என்றால் 2,000 மீட்டர் முகட்டில் 18. நனைந்த பனியன், களைத்த உடம்பு, கட்டைவிரலைக்கூட மடக்க விடாத காற்று எல்லாம் சேர்ந்தால் ஹைபோதெர்மியாவுக்கு, அதாவது உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்குவதற்கு, அது போதும். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீர் ஆலங்கட்டி மழையிலும் கடுங்காற்றிலும் சிக்கி 21 பேர் இறந்தார்கள். அது மழைக்காடு அல்ல, வறண்ட மலை. ஆனாலும் மெல்லிய உடையில் நனைந்து, வேகம் குறைந்ததும் உடம்பு வெப்பத்தை இழக்கும் விதம் எங்கும் ஒன்றுதான். தையல்கள் அடைக்கப்பட்ட மழைச்சட்டை, வெப்பம் காக்கும் படலப் போர்வை, காய்ந்த ஒரு பனியன் ஆகியவற்றை எடை கூடுகிறது என்று விட்டுவிட வேண்டாம். இடி கேட்டால் முகட்டை விட்டு இறங்குங்கள். கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி ஏற வேண்டும். மழைக்காட்டு மலைகளில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வருவதால், விடியும் முன்பே தொடங்கி முகடுகளை முற்பகலில் தாண்டும்படி தடம் அமைப்பதே நல்ல திட்டம்.

இருட்டும் அங்கே முந்திக்கொள்ளும். நிலநடுக்கோட்டுப் பகுதியில் அந்திப்பொழுது அரைமணிகூட நிற்பதில்லை. மரக்கூரைக்குள் அதற்கும் முன்பே கண் தெரியாமல் போகும். பகலிலேயே முடித்துவிடுவேன் என்றாலும் நெற்றியில் கட்டும் ஹெட்லைட் கட்டாயம். மூடுபனியில் நெற்றி விளக்கின் ஒளி கண்ணிலேயே திரும்ப அடிக்கும். கழற்றி இடுப்பளவில் பிடித்தால் வேரின் நிழல் நீண்டு விழும், பாதை தெளியும். கைபேசிக்குச் சிக்னல் இருக்காது. ஜிபிஎஸ் கோடும் அடர்ந்த மரங்களின் கீழே பல மீட்டர் விலகும். தட வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். 200, 300 மீட்டருக்கு அடையாள நாடா தென்படவில்லை என்றால் குறுக்கு வழி தேடாமல், கடைசியாகப் பார்த்த நாடாவுக்குத் திரும்புங்கள். அப்படியும் வழி தெரியவில்லை என்றால் அங்கேயே நின்று விசில் ஊதுங்கள்: நிமிடத்துக்கு ஆறு முறை, ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி ஆறு. பதிலாக நிமிடத்துக்கு மூன்று ஊதல் கேட்டால் ஆள் வருகிறார்கள் என்று பொருள்.

நடத்துகிறவர்கள் பதிவின்போதே சிலவற்றை வெளியிட வேண்டும்: ஒவ்வோர் உதவி நிலையத்துக்கும் இடையே தூரமும் ஏற்றமும் எவ்வளவு, எந்தெந்த இடத்திலிருந்து ஆளைத் தூக்கி வெளியேற்ற முடியும், அதற்கு எத்தனை மணி நேரம் ஆகும், எந்த ஓடையில் நீர் எந்தக் குறியைத் தொட்டால் பந்தயம் மாற்றுத் தடத்துக்குத் திரும்பும். கடக்கும் இடங்களில் வர்ணக் கோடிட்ட அளவுக்கம்பு நடுவதற்குப் பெரிய செலவில்லை. தொடக்கத்தில் புறப்பட்டவர்களின் எண்ணிக்கையும் ஒவ்வொரு நிலையத்தைக் கடந்தவர்களின் எண்ணிக்கையும் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே, கடைசி ஆளின் பின்னே வரும் ஸ்வீப்பர் நிலையத்தை விட்டு நகர வேண்டும். உங்கள் நாளிதழ் பந்தய அறிவிப்பு வெளியிடும்போது தூரத்தோடும் ஏற்றத்தோடும் இந்த விவரங்களையும் கேட்டு வாங்கி அச்சிட்டால், பல இடங்களில் இவை தாமாகவே நடைமுறைக்கு வந்துவிடும்.

பந்தயம் முடிந்த பிறகும் ஈரம் விடுவதில்லை. 2000ஆம் ஆண்டு மலேசியாவின் சபா மாநிலத்தில் நடந்த ஈகோ சேலஞ்ச் சாகசப் பந்தயத்துக்குப் பிறகு, தொடர்புகொண்டு விசாரிக்கப்பட்ட 189 வீரர்களில் 80 பேருக்கு எலிக்காய்ச்சலுக்கான அறிகுறிகள் இருந்தன. செகாமா ஆற்றில் நீந்தியவர்களுக்கே ஆபத்து அதிகம் என்று கண்டறிந்தார்கள். கால் வெடிப்பு வழியாகவும், விழுங்கிய ஆற்று நீர் வழியாகவும் அந்தக் கிருமி நுழையும். காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாளுக்குள், சிலருக்கு ஒரு மாதம் கழித்தும் வரும். அதற்குள் எல்லோரும் ஊர் திரும்பி, ஓடியதையே மறந்திருப்பார்கள். எனவே ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு எது வந்தாலும், மழைக்காட்டில் சேற்றிலும் ஓடையிலும் ஓடினேன், கொசுக்கடியும் இருந்தது என்று மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். போவதற்கு முன்பும் தடுப்பு மருந்து தேவையா என்று அவரிடம் கேட்கலாம்.

ஷூவை அப்படியே பையில் திணித்து அடுத்த காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஹவாயில் ஓஹியா மரங்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் பூஞ்சை மண்ணோடு ஒட்டிப் பரவக்கூடியது. அதனால்தான் அங்கே பல பாதைகளின் வாயிலில் தூரிகையும் கிருமிநாசினியும் வைத்திருக்கிறார்கள். முதலில் பற்களின் இடுக்கிலுள்ள மண்ணைக் குச்சியாலும் தூரிகையாலும் முழுவதும் எடுங்கள். மண் இருக்கும் வரை மருந்து உள்ளே போகாது. பிறகு 70 சதவீத ஆல்கஹாலைத் தெளித்து, இன்சோலைக் கழற்றி, நன்றாகக் காயவிடுங்கள். கம்பு வைத்து ஓடுகிறவர்கள் அதன் முனையையும் இப்படியே செய்ய வேண்டும்; பெரும்பாலும் மறந்துபோவது அதுதான்.

இப்படிக்கு,
மலைப்பாதை ஓட்டப் பயிற்சியாளர்கள், தடத் தன்னார்வலர்கள் சிலர்